கதை சொன்ன கோதை

(வை. மு. கோதைநாயகி அம்மாள், 1901 – 1960)



“சித்தி” என்றொரு படம். பத்மினியும் ஜெமினி கணேசனும் எம். ஆர். ராதாவும் நடித்தது. 1966-இல் வந்தது. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதையைக் கடகடவென்று ஒப்பிப்பார். தன் குடும்பம் கரையேற வேண்டுமே என்பதற்காகத் தன் ஆசைகளையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, வயதானவருக்கு வாழ்க்கைப்படும் ஒரு பெண்ணின் கதை. எத்தனை தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கொட்டகையை விட்டு வெளியே வந்தார்கள்!

பத்மினியைத் தெரியும், ராதாவைத் தெரியும். கதை யாருடையது? வை. மு. கோதைநாயகி அம்மாள் எழுதிய “தயாநிதி” என்ற நாவல்தான் அந்தப் படத்தின் கதை. படம் வெளிவந்தபோது அந்த அம்மையார் உயிரோடு இல்லை. கண்ணை மூடி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த மலரில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்காத ஒரு பெண் 115 நாவல்கள் எழுதிய கதை இது.

கோதைநாயகி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னையில் பிறந்தார். பால்குடி மாறாத வயதிலேயே தாயார் பட்டம்மாள் இறந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளையைப் பாட்டியும் உற்றாரும் வளர்த்தார்கள். ஐந்தரை வயதில் கல்யாணம்! ஆமாம், ஐந்தரை வயதில். மாணவிகளே, இன்று உங்கள் பள்ளிப் பாலர் வகுப்பில் புட்டியில் தண்ணீர் கட்டிக்கொண்டு வருகிறார்களே, அந்த வயது. மாப்பிள்ளை வை. மு. பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல்தான் வந்தது. கோதைக்குத் தாலி கட்டியதோ 1907-இல்.

புகுந்த வீடு திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயில் இருக்கும் ஊர். நம் தஞ்சோங் டாவாய் போலவே அங்கும் கடற்காற்று வீசும், கோயில் மணி கேட்கும், மீன்காரர் குப்பமும் பக்கத்தில் உண்டு. வைணவ ஆசாரம் மிகுந்த குடும்பம். பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற பேச்சே கிடையாது. வீட்டிலே கேட்டுக் கேட்டுப் பாசுரங்கள் மனப்பாடம் ஆயின. மாமியார் தெலுங்கு சொல்லிக் கொடுத்தார். எட்டில் சுரைக்காய் எழுதக்கூட யாரும் கைபிடித்துக் கற்றுத் தரவில்லை.

ஆனால் ஒன்று கை நிறைய இருந்தது. கதை! பாட்டியிடம் கேட்ட கதைகள், கோயில் மண்டபத்தில் கேட்ட புராணங்கள். மாலையானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கோதையைச் சூழ்ந்து உட்கார்ந்துவிடும். கேட்ட கதையையே எத்தனை நாள் சொல்வது? இவராகவே புதுக்கதை கட்டிச் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். அதைத் தள்ளி நின்று கவனித்தவர் கணவர் பார்த்தசாரதி.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். அந்தக் காலத்து ஆண்பிள்ளை என்ன செய்திருப்பார்? போதும் கதை, போய் அடுப்பைப் பார் என்றிருப்பார். பார்த்தசாரதி அப்படிச் செய்யவில்லை. மனைவியை நாடகங்களுக்கு அழைத்துக்கொண்டு போனார். மேடையில் பார்த்ததெல்லாம் கோதையின் மனத்தில் பதிந்தது. நாமும் ஒரு நாடகம் எழுதினால் என்ன என்ற ஆசை முளைத்தது.

ஆசை சரி, எழுதுவது எப்படி? எழுதத்தான் வராதே! அப்போது கை கொடுத்தவர் பட்டம்மாள் என்ற தோழி. பெற்ற தாயின் பெயரும் பட்டம்மாள், எழுதித் தந்த தோழியின் பெயரும் பட்டம்மாள். கோதை சொல்லச் சொல்ல, தோழி எழுத எழுத, “இந்திர மோகனா” என்ற நாடகம் உருவாயிற்று. 1924-இல் அது அச்சாகி வெளிவந்தது. அப்போது கோதைக்கு வயது இருபத்திரண்டு.

பெற்றோர்களே, இந்த இடத்தை நன்றாக நினைவில் வையுங்கள். அந்தப் புத்தகம் பேனாவில் பிறக்கவில்லை, வாயில் பிறந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க ஓர் ஆள் இருந்ததனால்தான் அது காகிதத்துக்கு வந்தது. பட்டம்மாள் இல்லாதிருந்தால் இந்திர மோகனா அந்தத் திண்ணையோடு போயிருக்கும். அதற்குப் பின்னால் வந்த 115 நாவல்களும் வந்திருக்காது.

பிறகு கோதை தாமே எழுதக் கற்றுக்கொண்டார். “வைதேகி” என்ற முதல் நாவல் பிறந்தது. அந்நாளில் துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் திருத்தமும் யோசனையும் சொல்லி ஊக்கம் தந்தார். 1925-இல், நின்று போயிருந்த “ஜகன்மோகினி” என்ற மாதப் பத்திரிகையைக் கோதைநாயகி வாங்கி நடத்தத் தொடங்கினார். கணவர் துணை நின்றார். நாவல்கள் தொடர்கதைகளாக வந்தன. ஏறத்தாழ 35 ஆண்டுகள் அந்தப் பத்திரிகையை அவர் தாங்கி நடத்தினார்.

ஊர் சும்மா இருக்குமா? பொம்பளை கதை எழுதுகிறாளாம், பத்திரிகை நடத்துகிறாளாம் என்று தெருவே பேசியது. ஏச்சும் பேச்சும் வந்தன. குடும்பப் பெண்ணுக்கு இது அடுக்குமா என்றார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சமையலையும் கவனித்தார், பிள்ளையையும் வளர்த்தார், மாதம் தவறாமல் பத்திரிகையையும் கொண்டு வந்தார்.

அத்தனை கதைக்கும் சரக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதினவர் இல்லை. வீட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். சிறு வயதில் விதவையாகி மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட பெண், சீர் கொண்டு வராததால் இடிபட்ட மருமகள், குடிகாரப் புருஷனிடம் அடிபட்டவள், மூத்தாள் பிள்ளைகளை வளர்க்க வந்தவள், இப்படிப் பெண்கள் வந்து தங்கள் குறையை அவரிடம் கொட்டுவார்கள். அவற்றையே கதையாக்கி, அதற்கொரு நல்ல வழியையும் காட்டி எழுதினார். குழந்தை மணம் கூடாது, பெண்ணுக்குப் படிப்பு வேண்டும், குடி குடியைக் கெடுக்கும், தீண்டாமை பாவம், இவையே அவர் கதைகளின் உயிர். உபதேசம் அதிகம், கதையில் திருப்பங்கள் மிகை என்று விமர்சகர்கள் குறை சொன்னதும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அவர் விமர்சகர்களுக்காக எழுதவில்லை. மத்தியானத்தில் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுக் கூடத்தில் உட்காரும் பெண்களுக்காக எழுதினார். படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படித்தால் மற்ற நான்கு பேர் கேட்கலாம், அப்படிப்பட்ட நடை அவருடையது.

1925-இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது கோதைநாயகி அவரைச் சந்தித்தார். அன்றோடு பட்டுப்புடவை போயிற்று, தங்க நகை போயிற்று. கதர் வந்தது. மேடையேறிப் பேசினார். நல்ல குரல்வளம் உள்ளவர், பாடவும் பாடினார். பேச்சைக் கேட்க ஒரு கூட்டம், பாட்டைக் கேட்க ஒரு கூட்டம். 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிக்கடை மறியலிலும் இறங்கினார். 1932-இல் சிறைக்கும் போனார்.

கள்ளுக்கடை மறியல் என்றதும் நம்ம கெடா தோட்டத்துப் பெரியவர்களுக்கு வேறொரு நினைவு வரும். 1946-இல் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்திலே ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்ததே, அந்த நினைவுதான். வாங்கின சம்பளம் லயத்துக்கு வருவதற்குள் கள்ளுக்கடையில் கரைந்து போன காலம் அது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் தொண்டர்கள் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள், தடியடி பட்டார்கள், உயிரும் போனது. திருவல்லிக்கேணி அம்மையார் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கஞ்சிப்பானையைக் காப்பாற்ற வேண்டும் என்ற தாய்மாரின் கண்ணீர் இரண்டு கரையிலும் ஒன்றுதான். அந்தக் கண்ணீரைத்தான் கோதைநாயகி கதையில் எழுதினார்.

சிறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. அங்கே அடைபட்டிருந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார். திருட்டுக் கேஸில் வந்தவள், கொலைக் கேஸில் வந்தவள் என்று ஒதுக்காமல், எப்படி இங்கே வந்தாய் என்று கேட்டு உட்கார்ந்தார். அவர்கள் சொன்ன சோகம் “சோதனையின் கொடுமை” என்ற நாவலாயிற்று. வெளியிலே கணவர் பத்திரிகை நிற்காமல் பார்த்துக்கொண்டார். சிறு வயதில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர், பெரியவரானபின் பிறர் கதையைக் கேட்பவரானார். நன்றாகக் கதை சொல்பவருக்கு நன்றாகக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா!

சினிமாக்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள். “ராஜமோகன்” 1937-இலும் “அநாதைப் பெண்” 1938-இலும் படமாயின. இரண்டாம் உலகப்போர் வந்தது. சென்னையில் குண்டு விழும் என்ற பயத்தில் ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். இவரும் குடும்பத்தோடு சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தார். காகிதப் பஞ்சத்திலும் பத்திரிகையை விடவில்லை.

1948-இல் காந்தியடிகள் மறைந்தார். அவர் நினைவாகத் திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பல கலைகள் கற்பிக்க வழி செய்தார். தியாகி என்று அரசாங்கம் பத்து ஏக்கர் நிலம் கொடுத்தது. அதை வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இத்தனை பேருக்குத் தைரியம் சொன்ன அம்மையாருக்கும் ஒரு பேரிடி காத்திருந்தது. 1956-இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்துவிட்டார். தாயைச் சிறுவயதில் இழந்தவர், முதுமை வாசலில் மகனையும் இழந்தார். மனம் ஒடிந்தது, உடம்பும் ஒடிந்தது. காசநோய் பற்றிக்கொண்டது. 1960 பிப்ரவரி 20-ஆம் நாள் தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தெட்டு.

அன்பர்களே, இந்தக் கதையை இன்று, நம் பிள்ளைகள் பரிசு வாங்கும் நாளில், எதற்காகச் சொன்னேன் தெரியுமா?

பெற்றோர் கூட்டத்துக்கு வரச் சொன்னால் சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். எனக்கென்னங்க தெரியும், நான் என்ன படிச்சிருக்கேன், கையெழுத்துப் போடவே தடுமாறுவேன் என்கிறார்கள். வந்தாலும் கடைசி வரிசையில் கதவோரமாக நிற்கிறார்கள். அம்மா, உங்களிடம் இல்லாதது எழுத்து மட்டும்தான். மற்றதெல்லாம் இருக்கிறது. விடியற்காலை இருட்டில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனீர்களே, அதைச் சொல்லுங்கள். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடியதைச் சொல்லுங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததையும், லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனதையும், கடற்கரையில் நெத்திலி காயப்போட்டதையும், உங்கள் பாட்டி கப்பலேறி வந்ததையும் ராத்திரி சோறு போடும்போது பிள்ளையிடம் சொல்லுங்கள். கோதைநாயகியின் கையிலிருந்த முதலும் இவ்வளவுதான்.

மாணவிகளே, மாணவர்களே, உங்களுக்கு எழுத வரும். ஆகவே நீங்கள் பட்டம்மாளாக இருங்கள். இன்று பரிசாகக் கிடைக்கும் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தைக் காலியாக வைத்திருங்கள். வீட்டுக்குப் போனதும் அம்மாவையோ அப்பாயியையோ பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், ஆசிரியர் திருத்துவார். சொல்ல மறந்து போன கதையை மட்டும் யாராலும் திருத்த முடியாது.

தகப்பன்மார்களுக்கும் ஒரு சொல். பார்த்தசாரதியை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு மணி நேரம் பாத்திரத்தை நீங்கள் கழுவினால் குறைந்தா போய்விடும்? அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பிறக்கும் என்று யார் கண்டது!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!