அதிக குதிரைத்திறன் இருந்தும் லேப் டைமில் தோற்பது ஏன்? கோவை கரிவரதன் கதை சொல்லும் ரேஸ் கணக்கு

புதிய மஸில் கார் ஒன்று வரப்போகிறது என்று டீசர் வந்தாலே போதும், இணையத்தில் ஜோசியம் ஆரம்பித்துவிடும். இத்தனை குதிரைத்திறன், அதனால் டிராக்கில் இத்தனை நிமிடம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. இந்தக் கணக்கு பல நேரம் சொதப்பும். ஏன் சொதப்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போகவேண்டாம். 1995-ல் மறைந்த ஒரு கோவைக்காரரின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். அவர் எஸ். கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக கரி.

யார் இந்தக் கரி?

1910-ல் குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954-ல் பிறந்தவர். மில், ஆபீஸ், நிர்வாகம் என்று வசதியாகவே இருந்திருக்கலாம். ஆனால் மனுஷனுக்கு வேகத்தின் மீது பைத்தியம். கார் ஓட்டினார், காரைப் பிரித்து மேய்ந்தார், விமானத்தையும் விடவில்லை. அந்தக் காலத்து ரேஸ் பிரியர்களுக்கெல்லாம் கோயில் என்றால் அது சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து பழைய விமான ஓடுபாதை. அதில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் போட்டிகள் நடத்தியது.

சோழவரத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சாலையில் கிடைத்ததெல்லாம் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றைத்தான் உருட்டிப் புரட்டி ரேஸுக்குத் தயார் செய்யவேண்டும். இன்னொரு பக்கம், காசு இருந்தவர்கள் வெளிநாட்டு ரேஸ் கார்களை இறக்கினார்கள். விஜய் மல்லையா அங்கே ஓட்டியது என்சைன் என்ற ஃபார்முலா ஒன் கார்! இப்படி ஒரு களத்தில் யார் ஜெயிப்பார் என்று கணிக்க ஓட்டுநரைப் பார்க்கவே தேவையில்லை, பர்ஸைப் பார்த்தால் போதும். திறமை இருந்தும் கார் வாங்க வழியில்லாத பையனுக்கு வேடிக்கை பார்ப்பவர் வரிசையில்தான் இடம்.

மாருதி இன்ஜினில் ரேஸ் காரா?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், 40-க்கும் சற்றுக் குறைவான குதிரைத்திறன். காய்கறி வாங்கப் போகும் கார் என்றுதான் ஊர் நினைத்தது. கரிவரதன் அந்த இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கை ரேஸ் காரை வடிவமைத்தார். பெயர் ஃபார்முலா மாருதி. ஃபிஸ்மே என்றும் சொல்வார்கள். 1980-களின் இறுதியில் அது களத்துக்கு வந்தது.

இது எப்படி வேலை செய்யும்? மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. ஓட்டுநரைச் சேர்க்காமல் பார்த்தால் டன்னுக்கு 60 குதிரைத்திறன் கூட வராது. அதே இன்ஜினை, ஒரு உதாரணத்துக்கு, 400 கிலோ வண்டியில் வைத்துப் பாருங்கள். டன்னுக்கு 95-ஐத் தொடும். இன்ஜினில் கை வைக்காமலே கார் வேறு ஆளாகிவிடும்.

அடுத்தது வளைவு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில், டயரின் பிடிமானக் குணகம் 1 என்றால், மணிக்கு சுமார் 80 கி.மீ.தான் உச்சம். அதைத் தாண்டினால் வெளியே வழுக்கும். பிடிமானம் 1.2 ஆனால் 87 கி.மீ. இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்குமே வராது என்பதைக் கவனியுங்கள். டயரும், சஸ்பென்ஷனும், தரையோடு ஒட்டிய உடலமைப்பும்தான் பேசும்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது பாடமாகச் சொல்லவேண்டியதில்லை. அங்கே லாரியின் இன்ஜின் பலம் யாருக்கும் கவலை இல்லை. எவ்வளவு பாரம், பிரேக் சூடாகிறதா, கியரில் இறங்குகிறதா, இதுதான் விஷயம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக் தலையில் விழும். ரேஸ் டிராக்கிலும் அதே இயற்பியல்தான்.

மஸில் கார்களில் இதற்கு நல்ல சாட்சி உண்டு. ஷெவர்லே கமாரோவில் ZL1 மாடலுக்கு 580 குதிரைத்திறன். அடுத்து வந்த Z/28-க்கு 505 மட்டுமே. ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தவர்கள் ZL1 பக்கம்தான் பந்தயம் கட்டியிருப்பார்கள். ஆனால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ZL1 எடுத்தது 7 நிமிடம் 41 விநாடி, Z/28 எடுத்தது 7 நிமிடம் 37 விநாடி. சுமார் 136 கிலோ குறைந்த எடையும், பிடிமானமான டயரும் செய்த வேலை அது. நேர்கோட்டு ஓட்டத்தை ஸ்பெக் ஷீட் ஓரளவு சொல்லிவிடும், முழு லேப்பைச் சொல்லாது.

அப்புறம் என்ன ஆச்சு?

ஃபார்முலா மாருதியின் நிஜமான லாபம் வேகம் கூட அல்ல. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே இன்ஜின், உள்ளூரில் கிடைக்கும் உதிரி பாகம். வண்டிகள் சமமானதும், இரண்டு பேருக்கு நடுவே அரை விநாடி வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைதான். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக்கும் வந்தது. 3.7 கி.மீ., 12 வளைவுகள். அங்கே ஃபார்முலா மாருதி ஓட்டிய பையன்களில் ஒருவர் கோவையின் நரேன் கார்த்திகேயன்.

கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். வயது 41. நரேனுக்கு அப்போது 18. பத்து ஆண்டுகள் கழித்து, 2005-ல் மெல்போர்னில் ஜோர்டான் அணியின் காரில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக நரேன் இறங்கியபோது, பார்க்க கரி இல்லை.

முன்னாள் ரேஸர் பி. விஜயகுமார், கோவை செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. டிராக் ஒன்றைக் கட்டினார். 2003-ல் திறக்கப்பட்ட அதன் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒரே மாதிரி ஒற்றை இருக்கை கார்கள் மோதும் ஃபார்முலா எல்ஜிபி போட்டிகள் அங்கே நடக்கின்றன. அந்தக் கார்களுக்குள் இருப்பதும் மாருதி இன்ஜின்தான்.