இராபர்ட் தெ நோபிலி

இராபர்ட் தெ நோபிலி (1577 - சனவரி 16, 1656) இத்தாலியில் பிறந்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தமிழர் நடுவே வாழ்ந்த இயேசு சபைக் குரு ஆவார். தமிழில் இவர் தத்துவ போதகர் என்னும் பெயரால் அறியப்படுகிறார். மதுரையில் துறவிக் கோலம் பூண்டு, தமிழ், வடமொழி, தெலுங்கு ஆகிய மொழிகளைக் கற்றுக் கிறித்தவ சமயத்தைப் பரப்பினார். தமிழில் விரிவான உரைநடை நூல்கள் பலவற்றை இயற்றினார். இறுதிக் காலத்தை மயிலாப்பூரில் கழித்து அங்கேயே மறைந்தார்.

ஒரு சமூகத்தின் வழக்கங்களுக்கு ஒரு சமயம் எந்த அளவு இணங்கிப் போகலாம் என்னும் கேள்வி இவருடைய வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது. இவர் அதற்கு அளித்த விடை தமிழகக் கிறித்தவத்தின் மொழியையும் பழக்கவழக்கங்களையும் ஆழமாகப் பாதித்தது. சாதி வேறுபாடுகள் திருச்சபைக்குள் நிலைபெற அந்த விடையும் ஒரு காரணமாயிற்று என்பது இவர் மீதான முதன்மையான விமர்சனம் ஆகும்.

பிறப்பும் கல்வியும்

நோபிலி மத்திய இத்தாலியின் மொன்தேபுல்சியானோ நகரைச் சார்ந்த உயர்குடிக் குடும்பம் ஒன்றில் 1577ஆம் ஆண்டு பிறந்தார். கர்தினால் இராபர்ட் பெல்லார்மின் இவருக்கு உறவினர். குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி, நேப்பிள்சு நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1604இல் லிசுபனிலிருந்து கப்பலேறி, 1605 மே மாதம் கோவாவை அடைந்தார். அங்கிருந்து கொச்சிக்கும் பின்னர் முத்துக்குளித்துறைக்கும் சென்று தமிழ் கற்கத் தொடங்கினார். 1606 நவம்பரில் மதுரை வந்து சேர்ந்தார்.

பரங்கி என்னும் பெயர்

நோபிலி வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவத்தைத் தழுவியிருந்தனர். அவர்களுக்குப் போர்த்துக்கேயப் பெயர்கள் இடப்பட்டன. வழிபாட்டுச் சொற்களில் பலவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டன. கிறித்தவராவதும் போர்த்துக்கேயரின் வழக்கங்களை ஏற்பதும் ஒன்றே என்னும் எண்ணம் இதனால் வேரூன்றியது.

மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் மூத்த குரு 1595 முதல் பணியாற்றி வந்தார். அவர் முன்னாள் போர்வீரர், எளிமையாக வாழ்ந்தவர். மதுரைக்கு வந்து சென்ற பரதவர்களுக்கும் போர்த்துக்கேயர்களுக்கும் அவருடைய கோயில் பயன்பட்டது. ஆயினும் நகர மக்கள் அச்சமயத்தில் சேரவில்லை. போர்த்துக்கேயரை மக்கள் பரங்கியர் என அழைத்தனர். மாட்டிறைச்சி உண்போர், மது அருந்துவோர், தூய்மை பேணாதோர் என்னும் பொருளும் அச்சொல்லில் கலந்திருந்தது. திருமுழுக்குப் பெற வருவோரிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கம் அப்போது இருந்தது. கேட்பவர் கிறித்தவ சமயத்தைக் கருதிக் கேட்டாலும், விடையளிப்பவர் தம் குலத்தை இழப்பதாகவே அதைப் புரிந்துகொண்டார்.

மக்கள் மறுப்பது கிறித்து மீதான நம்பிக்கையை அன்று, பரங்கி வாழ்க்கை முறையையே என்று நோபிலி கருதினார். தம் பணி முழுவதையும் இக்கருத்தின் மீதே அமைத்துக்கொண்டார்.

மதுரையில் துறவுக் கோலம்

கறுப்பு அங்கியைக் களைந்துவிட்டு நோபிலி காவி உடை அணிந்தார். காலில் மரக்குறடும் நெற்றியில் சந்தனமும் கையில் தண்டு கமண்டலமும் கொண்டார். குடுமி வைத்தார். சில காலம் பூணூலும் அணிந்தார். இறைச்சியையும் மதுவையும் முற்றாகத் துறந்து, நாளுக்கு ஒருவேளை மட்டும் சோறும் காய்கறியும் பாலும் உண்டார். உணவு சமைக்கப் பிராமணர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். பெர்னாண்டசின் இல்லத்தை விட்டு நீங்கித் தனிக் குடியிருப்பும் தனிக் கோயிலும் அமைத்தார்.

சிவதருமர் என்னும் தெலுங்குப் பிராமணர் இவருக்கு வடமொழி கற்பித்தார். ஆசிரியரும் மாணவரும் நீண்ட நாள் சமய விவாதம் புரிந்தனர். முடிவில் 1609இல் சிவதருமர் நோபிலியிடம் திருமுழுக்குப் பெற்றார். வடமொழியை ஆழமாகக் கற்ற முதல் ஐரோப்பியர் நோபிலியே எனக் கருதப்படுகிறது.

1611இல் நோபிலி தம்மைப் பற்றிய அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார். தாம் பரங்கி அல்லர் என்றும், உரோமாபுரியில் அரச குலத்தில் பிறந்து துறவு பூண்டவர் என்றும் அதில் கூறினார். தாம் போதிக்கும் வேதத்தை ஏற்பவர் தம் குலத்தையோ குல வழக்கங்களையோ விட வேண்டியதில்லை என்றும் உறுதியளித்தார். உயர்சாதியினர் பலர் இவரை அணுக இவ்வுறுதிமொழி வழி செய்தது. பிற்காலச் சிக்கல்களுக்கும் அதுவே தொடக்கம் எனலாம்.

வழக்கமா, வழிபாடா?

மக்களின் பழக்கவழக்கங்களை நோபிலி இருவகையாகப் பிரித்தார். சிலை வழிபாடு போன்றவை சமயம் சார்ந்தவை. அவற்றைக் கிறித்தவர் கைவிட வேண்டும். குடுமி, பூணூல், சந்தனம், நீராடல், உணவு முறை ஆகியவை சமூக அடையாளங்கள். ஒருவருடைய குலத்தையும் மதிப்பையும் காட்டுபவை. எனவே சமய நோக்கத்தை நீக்கிவிட்டு அவற்றைத் தொடரலாம் என்பது இவருடைய வாதம்.

இதை நிறுவ இலத்தீன் மொழியில் விரிவான விளக்க நூல்கள் எழுதினார். மனுதரும நூல் போன்ற வடமொழி நூல்களிலிருந்து சான்றுகள் காட்டினார். தொடக்ககாலத் திருச்சபை உரோமையரின் குடிமை வழக்கங்கள் பலவற்றை ஏற்றுக்கொண்டதையும் எடுத்துரைத்தார். உரோமையருக்கு அளிக்கப்பட்ட இடம் இந்தியருக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பதே அவ்வாதத்தின் சாரம்.

இப்பிரிப்பில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பூணூலும் சந்தனமும் சமூக அடையாளங்கள் எனில், தீண்டாமையும் சமூக வழக்கமே என்று ஒருவர் வாதிட இடமுண்டு. நோபிலி சாதியை உயர்குடி, கீழ்க்குடி என்னும் ஐரோப்பிய வேறுபாட்டைப் போன்ற ஒன்றாகவே கண்டார். அதைச் சமயத்தின் வரம்புக்கு வெளியே வைத்தார்.

எதிர்ப்பும் விசாரணையும்

பெர்னாண்டசு 1610இல் தம் மேலதிகாரிகளுக்கு நோபிலி மீது முறையீடு அனுப்பினார். நோபிலி இந்துத் துறவியாகவே மாறிவிட்டார், வழிபாட்டுச் சொற்களை மாற்றிவிட்டார், ஒரே நகரத்துக் கிறித்தவரை இரு கூட்டமாகப் பிரித்துவிட்டார் என்பன அவருடைய குற்றச்சாட்டுகள். ஒரே நம்பிக்கை கொண்டோர் ஏன் தனித்தனிக் கோயிலுக்குச் செல்ல வேண்டும் என்னும் அவருடைய கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இயேசு சபையின் மலபார் மாநிலத் தலைவர் ஆல்பர்ட் லயர்சியோவும் கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிசு ரோசும் நோபிலியை ஆதரித்தனர். கோவா பேராயர் கிறித்தோவா தெ சா கடுமையாக எதிர்த்தார். லயர்சியோவுக்குப் பின் வந்த தலைவர் நோபிலியின் பணிக்குப் பல கட்டுப்பாடுகள் விதித்தார். செய்தி உரோமையை எட்டியபோது உறவினரான பெல்லார்மினும் முதலில் வருந்தினார். நோபிலியின் விளக்கத்தைப் படித்தபின் மனம் மாறினார்.

1619இல் கோவாவில் கூடிய அவையில் நோபிலி நேரில் வாதாடினார். அங்கு உடன்பாடு ஏற்படாததால் வழக்கு உரோமைக்குச் சென்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 சனவரி 31 அன்று தம் தீர்ப்பை வெளியிட்டார். மூடநம்பிக்கை நீக்கப்பட்டால் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைப் புதிய கிறித்தவர் தொடரலாம் என அது அனுமதித்தது. உயர்குடியில் பிறந்தோர் எளிய குலத்தவரை, குறிப்பாகக் கோயிலுக்குள், இழிவாக நடத்தலாகாது என்றும் அத்தீர்ப்பு வேண்டிக்கொண்டது. அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் அவ்வாறு செயற்படவில்லை.

பண்டாரசாமிகள்

தீர்ப்புக்குப் பின் நோபிலி மதுரைக்கு வெளியே பயணம் மேற்கொண்டார். சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் பணியாற்றினார். அங்கெல்லாம் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவத்தில் சேர விரும்பினர். பிராமண வழக்கம் பேணும் துறவி அவர்களுடன் வெளிப்படையாகப் பழகினால் உயர்சாதியினர் விலகிவிடுவர் என்னும் அச்சம் இருந்தது.

இதற்குத் தீர்வாகக் குருக்களில் இரு வகையினர் ஏற்படுத்தப்பட்டனர். பிராமண சன்னியாசிகள் உயர்சாதியினரிடையே பணியாற்றினர். பண்டாரசாமிகள் எனப்பட்டோர் பிற சாதியினரிடையே பணியாற்றினர். 1640இல் பல்தசார் தா கோசுதா முதல் பண்டாரசாமி ஆனார். பண்டாரசாமிகளிடம் வந்து சேர்ந்த மக்களின் தொகை விரைவிலேயே சன்னியாசிகளிடம் வந்தோரின் தொகையை மிஞ்சியது. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் எனும் ஜான் தெ பிரிட்டோவும் பண்டாரசாமியே. இம்முறையால் அனைவருக்கும் குருக்கள் கிடைத்தனர். எனினும் ஒரே சபையைச் சேர்ந்த இரு குருக்கள் பலர் முன்னிலையில் ஒருவரோடொருவர் பழக இயலாத நிலையும் உண்டாயிற்று.

மயிலாப்பூரில் இறுதிக் காலம்

1640இல் நோபிலி மதுரையில் சிறை வைக்கப்பட்டு அடுத்த ஆண்டு விடுவிக்கப்பட்டார். பார்வை குன்றியிருந்த நிலையில் யாழ்ப்பாணத்திற்கு மாற்றப்பட்டார். அங்கிருந்து மயிலாப்பூர் வந்தார்.

அன்றைய மயிலாப்பூர்க் கடற்கரையில் சாந்தோம் என்னும் போர்த்துக்கேயக் குடியிருப்பு இருந்தது. திருத்தூதர் தோமாவின் கல்லறை எனப் போற்றப்படும் இடத்தைச் சுற்றி 16ஆம் நூற்றாண்டில் அது வளர்ந்தது. நோபிலி மதுரையை அடைந்த 1606ஆம் ஆண்டிலேயே மயிலாப்பூர் தனி மறைமாவட்டமாயிற்று. சாந்தோமை அடுத்து, தமிழரின் பழைய மயிலாப்பூர் இருந்தது. வடக்கே சில கல் தொலைவில் ஆங்கிலேயர் புனித சார்ச்சுக் கோட்டையை அப்போதுதான் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தனர்.

பரங்கி என்னும் பெயரை வாழ்நாள் முழுதும் மறுத்தவர் தம் இறுதி நாட்களைப் பரங்கியர் நகரின் அருகே கழிக்க நேர்ந்தது. மறைவாக வாழ வேண்டிய தேவை அங்கு இல்லை. போர்த்துக்கேயரின் உணவும் உடையும் எளிதில் கிடைத்தன. ஆயினும் நோபிலி தம் துறவு வாழ்க்கையையும் மரக்கறி உணவையும் விடவில்லை. இவருடைய கோலம் மக்களைக் கவர்வதற்கான வேடம் மட்டுமே என்போருக்கு இது ஒரு மறுப்பாக அமைகிறது. கண்பார்வை ஏறத்தாழ இழந்த நிலையிலும் தம் நூல்களைப் பிறர் உதவியுடன் திருத்தி வந்தார். 1656 சனவரி 16 அன்று தம் 79ஆம் அகவையில் மயிலாப்பூரில் காலமானார்.

தமிழ்ப் பணி

நோபிலிக்கு முன் வழங்கிய போர்த்துக்கேயச் சொற்களுக்கு மாற்றாகக் கோயில், குரு, வேதம், பூசை முதலிய சொற்களை இவர் கிறித்தவ வழிபாட்டில் நிலைநாட்டினார். மிசா என்றிருந்தது பூசை ஆனது. இவருடைய நடை வடசொற்கள் மிகுந்தது. நீண்ட வாக்கியங்கள் கொண்டது. எனினும் மெய்யியல் விவாதங்களைத் தமிழ் உரைநடையில் விரிவாக எழுதிய முன்னோடிகளுள் இவர் ஒருவர். தமிழ் உரைநடையின் தந்தை என இவரைச் சிலர் குறிப்பிடுவர். வீரமாமுனிவருக்கும் இச்சிறப்பை அளிப்போர் உண்டு.

இவருடைய தமிழ் நூல்களுள் சில:

ஞானோபதேச காண்டம்
ஆத்தும நிர்ணயம்
தூஷண திக்காரம்
புனர்ஜென்ம ஆட்சேபம்
நித்திய ஜீவன சல்லாபம்

ஓலைச்சுவடிகளில் இருந்த இவருடைய நூல்கள் பலவற்றை இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் 1960களில் பதிப்பித்தார்.

மறைவுக்குப் பின்

நோபிலியின் முறை மீதான விவாதம் அவருடன் முடிவடையவில்லை. திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் இவ்வழக்கங்கள் பலவற்றைத் தடை செய்தார். இப்பிணக்கு மலபார்ச் சடங்குச் சிக்கல் என அறியப்படுகிறது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் தடையை உறுதி செய்தார். அப்போதும் ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. சடங்குகள் குறித்து மறைப்பணியாளர் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல் நீக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் (1962-1965) தமிழே வழிபாட்டு மொழியாயிற்று. உள்ளூர்ப் பண்பாட்டு வடிவங்களும் வழிபாட்டில் இடம்பெற்றன.

கோயிலுக்குள் சாதிவாரியாக இடம் பிரிக்கும் வழக்கமும் நெடுங்காலம் தொடர்ந்தது. நெல்லைப் பகுதியின் வடக்கன்குளத்தில் சாதியினரைப் பிரிக்கும் வகையிலேயே ஒரு கோயில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. இச்சிக்கல் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்க ஆயர் தானியேல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு அறவே நீங்க வேண்டும் என ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சீர்திருத்தக் கிறித்தவர் பலர் எதிர்த்தனர்.

மதிப்பீடு

நோபிலியைப் பண்பாட்டு உரையாடலின் முன்னோடியாக ஒரு சாரார் போற்றுகின்றனர். கிறித்தவராவதற்கு ஒரு தமிழர் ஐரோப்பியராக வேண்டியதில்லை என்பதை வாழ்ந்து காட்டியவர் என்பது அவர்கள் கருத்து. தலித் கிறித்தவச் சிந்தனையாளர்கள், உயர்சாதியினரின் வழக்கத்தையே தமிழ்ப் பண்பாடு எனக் கொண்டு, சாதிக்குச் சமய ஏற்பு அளித்தவர் என இவரை விமர்சிக்கின்றனர்.

இவ்விரு கருத்துகளும் ஒரே செயலின் இரு விளைவுகளைச் சுட்டுகின்றன. போர்த்துக்கேய வழக்கத்திற்கு இணங்க வேண்டும் என்னும் கட்டாயத்திலிருந்து நோபிலி கிறித்தவ நம்பிக்கையை விடுவித்தார். அதற்கு ஈடாக மதுரையின் உயர்சாதி வழக்கத்திற்கு அதனை இணங்கச் செய்தார். எது வெறும் வழக்கம், எது அநீதி எனப் பிரிக்கும்போது, அவ்வழக்கத்தால் துன்புறுவோரின் கருத்து கேட்கப்பட்டதா என்பது இவர் வாழ்க்கை எழுப்பும் கேள்வியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

வீரமாமுனிவர்
அருளானந்தர்
சாந்தோம்
மதுரை நாயக்கர்கள்