பெர்னார்டோ பெலோட்டோ

பெர்னார்டோ பெலோட்டோ, 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தாலிய ஓவியர் ஆவார். நகரக் காட்சிகளையும் கட்டிடங்களையும் மிக நுணுக்கமாக வரைந்தவர். டிரெஸ்டன், வியன்னா, வார்சா ஆகிய நகரங்களைக் காட்டும் இவரது ஓவியங்கள் புகழ் பெற்றவை. இரண்டாம் உலகப் போரில் அழிந்த வார்சா நகரை மீளக் கட்டியெழுப்புவதற்கு இவை பெரிதும் உதவின.

வாழ்க்கை

பெலோட்டோ 1720களின் தொடக்கத்தில் வெனிஸ் நகரில் பிறந்தார். புகழ் பெற்ற ஓவியரான கனலெட்டோ இவரது தாய்மாமன் ஆவார். அவரிடமே தொழில் பயின்ற இவர், 1738 இல் வெனிஸ் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். பிற்காலத்தில் மாமனின் பெயரையே தனக்கும் பயன்படுத்திக்கொண்டார். இதனால் ஜெர்மனியிலும் போலந்திலும் இவரும் கனலெட்டோ என்றே அழைக்கப்படுகிறார்.

சக்சனியின் ஆட்சியாளரும் போலந்து மன்னருமான மூன்றாம் அகஸ்டசின் அழைப்பின் பேரில் 1747 இல் டிரெஸ்டன் சென்று, அடுத்த ஆண்டு அரசவை ஓவியரானார். ஏழாண்டுப் போரின்போது வியன்னாவுக்குச் சென்று, அங்கே பேரரசி மரியா தெரேசாவுக்காக ஓவியங்கள் வரைந்தார். 1760 இல் பிரசியப் படையினரின் பீரங்கித் தாக்குதலில் டிரெஸ்டனில் இருந்த இவரது வீடு அழிந்தது. அந்நகருக்குத் திரும்பிய பின்னர், முன்பு தாம் முழு வடிவில் வரைந்திருந்த திருச்சிலுவைத் தேவாலயத்தை 1765 இல் இடிபாடாக வரைந்தார்.

1763 இல் அகஸ்டசு இறந்ததால் இவர் தமது ஆதரவாளரை இழந்தார். 1764 முதல் டிரெஸ்டன் கலைக்கழகத்தில் இயலுறு தோற்றம் வரையும் முறையைக் கற்பித்தார். பின்னர் சென் பீட்டர்ஸ்பேர்க் செல்லும் வழியில் வார்சாவில் தங்கினார். போலந்து மன்னர் இசுடானிசுலாவ் அகஸ்டசு 1768 இல் இவரைத் தமது அரசவை ஓவியராக்கினார். 1780 இல் வார்சாவிலேயே பெலோட்டோ காலமானார்.

ஓவிய முறை

சிறு துளை வழியே வரும் ஒளியைக் கொண்டு எதிரிலுள்ள காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டறைக் கருவியை இவர் பயன்படுத்தினார். சாளரங்கள், கூரைகள், கடைத்தெருக்கள், மக்களின் உடைகள் என அனைத்தும் இவரது ஓவியங்களில் தெளிவாகத் தெரிகின்றன. மாமனின் ஓவியங்களைவிட இவரது ஓவியங்களில் நிழல்கள் அடர்த்தியானவை, வண்ணங்கள் குளிர்ந்தவை. எனினும் அழகு கருதிச் சில கட்டிடங்களின் தோற்றத்தை இவர் மாற்றியும் வரைந்துள்ளார்.

வார்சாவின் மீள்கட்டுமானம்

1944 இல் நடந்த வார்சா எழுச்சியை ஒடுக்கிய நாசிப் படையினர் நகரைத் திட்டமிட்டு அழித்தனர். பழைய நகரப் பகுதியின் பெரும்பகுதி தரைமட்டமானது. பெலோட்டோவின் வார்சா ஓவியங்கள் போரில் தப்பின. போருக்கு முன்னர் கட்டிடக்கலை மாணவர்கள் எடுத்த அளவை வரைபடங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றுடன் இவ்வோவியங்களும் மீள்கட்டுமானத்துக்குச் சான்றுகளாயின. ஓவியர் செய்த மாற்றங்கள் சில புதிய கட்டிடங்களிலும் இடம்பெற்றுவிட்டன. 1980 இல் வார்சாவின் பழைய நகரம் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. மீளக் கட்டப்பட்ட வார்சா அரச மாளிகையில் இவ்வோவியங்கள் இன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.