இரமண மகரிஷியும் சாட்சி நிலையும்

ஒரே மரத்தில் இரு பறவைகள் இருக்கின்றன. ஒன்று கனியைத் தின்கின்றது, மற்றொன்று தின்னாது பார்த்திருக்கின்றது என முண்டக உபநிடதம் உவமை கூறும். பார்த்திருப்பதைச் சாட்சி என்பர் வேதாந்திகள். இதனைக் கேட்கும்போது நமக்கோர் ஐயம் எழுவதுண்டு. யாவற்றையும் சாட்சியாய்ப் பார்த்திருப்பவன் பிறர் துன்பத்தையும் அவ்வாறே பார்த்திருப்பானோ? பற்றின்மை என்பது கல்நெஞ்சத்துக்கு இட்ட நல்ல பெயரோ? இவ்வையத்துக்கு விடை நூல்களிலும் பார்க்க ஒருவர் வாழ்க்கையிலே தெளிவாகக் கிடைக்கின்றது. அவரே திருவண்ணாமலை இரமண மகரிஷி.

இவர் 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆம் நாள் பாண்டிநாட்டுத் திருச்சுழியிற் சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்தார். பிள்ளைப் பெயர் வேங்கடராமன். 1892இல் தந்தையார் இறக்கவே, மதுரையிற் சிறிய தந்தையார் வீட்டில் வளர்ந்து, அமெரிக்க மிஷன் உயர்தரப் பாடசாலையிற் படித்தார். படிப்பிலே பெரிதும் ஊக்கமில்லாதவர், விளையாட்டிலே விருப்பமுள்ளவர்.

1896 யூலை மாத நடுப்பகுதியில் ஒருநாள், உடம்பில் நோயெதுவும் இல்லாதிருக்க, மரணபயம் அவரைத் திடீரெனப் பற்றியது. பதினாறு வயதுப் பிள்ளை யாரையும் கூவி அழைக்கவில்லை. சாவு என்பது யாது என அறியத் துணிந்து, பிணம்போல நீட்டிப் படுத்து, வாயை மூடி, மூச்சை அடக்கி, இவ்வுடம்பு எரிந்து சாம்பரானால் நானும் அழிவேனோ என உள்ளே நோக்கினார். உடம்பு சடமாய்க் கிடப்பதை அறிந்துகொண்டிருக்கும் ஒன்று அழியாது நிற்பதை அக்கணமே நேரிற் கண்டார். அச்சம் அன்றே ஒழிந்தது. பின் ஒருபோதும் மீளவில்லை.

அதன்பின் பாடத்தில் மனம் எவ்வாறு செல்லும்? பெயின் என்பார் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மும்முறை எழுதும்படி தண்டனை கிடைத்தது. ஓகஸ்ட் 29ஆம் நாள், இருமுறை எழுதி, மூன்றாம் முறை எழுதுகையிற் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுக் கண்மூடியிருந்தார். தமையனார் நாகசுவாமி கடிந்துகொண்டார். அக்கண்டனம் நியாயமே எனக் கண்ட வேங்கடராமன், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென இருந்த ஐந்து ரூபாவில் மூன்றை மாத்திரம் எடுத்து, மிகுதி இரண்டையும் ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டார். அக்கடிதத்திலே தம்மைத் தன்மையிடத்திற் குறிக்கத் தொடங்கியவர், சில வரிகளுக்குள் அஃறிணையாகக் குறிக்கலானார். ஈற்றிற் கையொப்பமிடாது ஒரு கோடு மாத்திரம் இழுத்தார். செப்டெம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தவர், ஐம்பத்து மூன்றாண்டுகளுக்கு மேலாக அவ்விடம் விட்டு அகலவேயில்லை.

அவர் காட்டிய சாதனை எளிது. சினமோ கவலையோ எழும்போது அதனோடு சண்டையிட வேண்டுவதில்லை. அதன் பின்னே ஓடவும் வேண்டுவதில்லை. இஃது யாருக்கு எழுந்தது என வினவவேண்டும். எனக்கு என்று விடை வரும். அந்த நான் யார் என மேலும் நாடினால், எண்ணம் எழுந்த இடத்திலேயே ஒடுங்கும். 1902இல் சிவப்பிரகாசம்பிள்ளை வினவியபோது மௌனத்திலிருந்த மகரிஷி எழுதிக் காட்டிய விடைகளே நான் யார் என்னும் சிறுநூலாயின. பார்க்கப்படும் பொருள் உள்ளவரையிலுமே சாட்சி என்னும் பெயரும் பொருந்தும் என்றும், ஆராயுங்கால் அப்பெயரும் கடந்துபோம் என்றும் அவர் தெளிவுறுத்தினார்.

இனி, நாம் தொடங்கிய ஐயத்துக்கு வருவோம். 1898இல் அன்னையார் பவளக்குன்றுக்கு வந்து, வீடு திரும்புமாறு பல நாள் அழுது மன்றாடினார். மகனோ வாய் திறவாது, விதித்தபடியே யாவும் நடக்கும் என்னும் கருத்தைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். கைம்பெண்ணாகிய தாய் வெறுங்கையோடு திரும்பினார். இதைக் கல்நெஞ்சம் என்பார் மீது நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1914இல் தம்மைக் காண வந்த அன்னையாரைக் கடுஞ்சுரம் வாட்டியபோது, அவர் உயிர் பிழைக்க அருணாசலேசுவரரை வேண்டிச் செய்யுள் பாடியவரும் இதே மகனே. 1916 முதல் அன்னையாரைத் தம்முடனேயே இருக்கச் செய்தார். 1922 மே 19ஆம் நாள் அன்னையாரின் அந்திய காலத்தில், ஒருகை நெஞ்சிலும் ஒருகை தலையிலும் வைத்து, ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரம் அருகிருந்து பிரியாதிருந்தார்.

1924 யூன் 26ஆம் நாள் இரவு ஆசிரமத்திற் கள்வர் புகுந்து அவரையும் அடித்தனர். தடியெடுத்து எதிர்க்க முனைந்த அடியாரை அவர் தடுத்தார். கள்வர் விளக்குக் கேட்டபோது அதனையும் கொடுப்பித்தார். அடிபட்ட அவர் கள்வரை வெறுக்கவில்லை.

ஆசிரமம் பெருகிய காலத்திலும் விடியுமுன் எழுந்து அடுக்களையிற் காய்கறி நறுக்கினார். பந்தியிலே பிறருக்கில்லாத எதனையும் தமக்கெனக் கொள்ளார். இலட்சுமி என்னும் பசு 1948இல் இறக்குந் தறுவாயில் அதனருகே அமர்ந்து தலையைத் தடவிக் கொடுத்தார்.

இடக்கையில் எழுந்த புற்றுக்கட்டிக்கு 1949இல் நான்குமுறை சத்திரசிகிச்சை நடந்தது. கையைத் துண்டித்தல் நன்று என்ற வைத்தியர் யோசனைக்கு அவர் இசையவில்லை. நோவு உடம்புக்கு இருந்தது. அதனை அவர் மறுக்கவில்லை. ஆயினும் காண வந்தோரைத் திருப்பியனுப்ப இறுதிவரை ஒருப்படவில்லை. அந்திய நாட்களில் மயிலின் அகவலைக் கேட்டு, அதற்கு இரை வைத்தாயிற்றா என விசாரித்தார். 1950 ஏப்ரில் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்குச் சமாதியடைந்தார்.

சாட்சி நிலை என்பது பிறர் நோவைப் பாராதிருத்தலன்று. தன் நோவையே பெரிதென எண்ணாதிருத்தலாம். தன்னைப் பற்றிய கவலை கழிந்த நெஞ்சில் மற்றையோர்க்கு இடம் மிகுகின்றது. இம்மலரைக் கையிலேந்தும் இளமாணாக்கர் யாவரும் பாடத்தை ஒதுக்கி மலையேறல் வேண்டா. சோதனையிலே தவறும்போதும், விளையாட்டிலே தோற்கும்போதும், நண்பன் ஒருவன் இகழும்போதும், இஃது யாருக்கு என ஒரு கணம் உள்ளே வினவப் பழகுவாராக. அப்பழக்கத்துக்கு ஆச்சிரமம் வேண்டுவதில்லை. வகுப்பறை வாங்கே போதும்.