பிரம்பை நம்பாத ஆசான் - புனித தொன் போஸ்கோ

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் தகப்பனார், கண்ணிரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடும்படி வாத்தியாரிடம் சொல்லிச் செல்வது நம் ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம். அடியாத மாடு படியாது என்ற பழமொழியும் அதற்குத் துணை நின்றது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில், பள்ளியில் மாணவரை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்தது. சட்டப்படி பிரம்பு போயிற்று. ஆனால் அதன் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி ஆசிரியர்களையும் பெற்றோரையும் இன்றும் வாட்டுகிறது. இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாகத் தந்தவர் புனித தொன் போஸ்கோ.

வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில் 1815 ஆகஸ்ட் 16 அன்று ஜான் போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா, கண்டிப்பும் கனிவும் ஒருசேர மூன்று ஆண்மக்களை வளர்த்தார். ஒன்பதாம் வயதில் ஜான் ஒரு கனவு கண்டார். கெட்ட வார்த்தை பேசிச் சண்டையிட்ட சிறுவர் கூட்டத்தின் மேல் பாய்ந்து அவர் கைமுட்டியால் குத்த, மாட்சிமிக்க ஒருவர் தோன்றி, அடியால் அல்ல, சாந்தத்தாலும் அன்பாலும் இவர்களை நண்பராக்கிக்கொள் என அறிவுறுத்தினார். அக்கனவு அவர் வாழ்வின் வழிகாட்டியாயிற்று.

1841 ஜூன் 5 அன்று குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகரில் தங்கியபோது சிறைச்சாலைகளுக்குச் சென்றார். அங்கே அடைபட்டிருந்த இளைஞர்களைக் கண்டு உள்ளம் பதறினார். விடுதலையாகி வெளியே சென்ற பலர் சில நாட்களில் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தனர். தண்டனை அவர்களைத் திருத்தவில்லை. வெளியே அவர்களுக்கென்று ஓர் ஆள் இல்லாததே குறை என்பதை அவர் உணர்ந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 8, அமலோற்பவ அன்னையின் திருநாள். புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தின் சக்ரீஸ்துவில் அவர் திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பூசைக்கு உதவத் தெரியாத ஓர் ஏழைச் சிறுவனைக் கோயில்பிள்ளை கம்பால் அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவன் தம் நண்பன் என்று கூறித் திரும்ப அழைக்கச் செய்தார். பர்த்தலமேயு கரெல்லி என்ற அப்பையனுக்குத் தாய் தந்தை இல்லை. எழுதப் படிக்கவும் தெரியாது. சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டபோதுதான் அவன் முகம் மலர்ந்தது என்பர். தெரியாததைச் சுட்டிக்காட்டித் துரத்தியவர் ஒருவர். தெரிந்த ஒன்றைத் தேடிப் பிடித்தவர் மற்றவர். அடுத்த ஞாயிறு அவன் தோழர்களோடு வந்தான். 1846-இல் வால்தோக்கோவில் ஒரு கொட்டகை கிடைத்தது. அவ்வாண்டே தாய் மார்கரீத்தாவும் ஊரைவிட்டு வந்து, பத்தாண்டுகள் அந்தப் பிள்ளைகளுக்கு அன்னையாயிருந்து உயிர் நீத்தார்.

1857-இல் கர்மஞோலா ரயில் நிலையத்தருகே, சிறுவர் பட்டாளத்துக்குத் தலைவனாய்த் திரிந்த மிக்கேல் மகோனே அவர் கண்ணில் பட்டான். அவனை விடுதியில் சேர்த்ததும், நல்ல மாணவன் ஒருவனை அவனுக்குத் துணையாக வைத்து, அருகிலிருந்து அன்போடு திருத்தச் செய்தார். மிக்கேலின் துடுக்கை அடக்கி ஒடுக்காமல், விளையாட்டிலும் படிப்பிலும் பிறருக்கு உதவுவதிலும் திருப்பினார். 1859-இல் இளவயதில் இறந்தபோது அவன் தோழர் அனைவருக்கும் முன்மாதிரியாக விளங்கினான்.

இந்த அனுபவங்களின் பயனை 1877-இல் சிறு கட்டுரையாக வரைந்தார். தவறு செய்தபின் தண்டிப்பது ஒரு முறை. தவறு நேராதபடி முன்கூட்டியே காப்பது மற்றொரு முறை. இரண்டாவதையே அவர் தேர்ந்தார். நியாயம், சமயம், அன்பு ஆகிய மூன்றும் அதன் தூண்கள். விதிகளை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாணவர் வருமுன் ஆசிரியர் இடத்தில் இருக்க வேண்டும். சோம்பியிருக்க இடம் தராமல், ஓடி ஆடவும் பாடவும் நடிக்கவும் வாய்ப்பளிக்க வேண்டும். பிறர் முன்னிலையில் அவமானப்படுத்தாமல் தனியே அழைத்துத் திருத்த வேண்டும். நேசிக்கும் ஆசிரியரின் வருத்தம் தோய்ந்த பார்வையே போதிய தண்டனை. அடிப்பது, வலிக்க முழந்தாளிட வைப்பது, காதைத் திருகுவது ஆகியன அறவே கூடாது. அவை மாணவனுக்குச் சினமூட்டும், ஆசிரியரின் மதிப்பையும் கெடுக்கும் என்றார்.

இது இளக்காரம் கொடுக்கும் முறையன்று. பிற பிள்ளைகளைக் கெடுப்பவரை அவர் விடுதியினின்று அனுப்பியதும் உண்டு. உண்மையில் இம்முறை மாணவனைவிட ஆசிரியருக்கே கடினமானது. பிரம்பை ஓங்க ஒரு நொடி போதும். பிள்ளைகளோடு நாள் முழுவதும் உடனிருக்கப் பொறுமை வேண்டும். 1884 மே மாதம் உரோமையிலிருந்து எழுதிய மடலில், தம் இல்லத்திலேயே ஆசிரியர்கள் விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளைவிட்டு விலகி நிற்பதைக் குறித்து வருந்தினார். நேசித்தால் மட்டும் போதாது. நேசிக்கப்படுவதைப் பிள்ளைகள் உணரவும் வேண்டும் என்பதே அம்மடலின் சாரம்.

1888 ஜனவரி 31 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். 1934-இல் உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் 1859-இல் தொடங்கிய சலேசிய சபையின் குருக்கள் 1906-இல் தஞ்சைக்கு வந்து, இந்திய மண்ணில் முதன்முதலாகப் பணி தொடங்கினர். பின்னாளில் நம் சேலத்து ஏற்காட்டு மலையிலும் சபையினரின் பயிற்சி இல்லம் எழுந்தது.

அயோத்தியாப்பட்டணத்துப் பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, மறைக்கல்வி கற்பிக்கும் இளைஞர்களே! அடங்காத பிள்ளை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒருவன் நம் தெருவிலும் இருப்பான். அவனுக்குத் தெரிந்த ஒன்று என்னவென்று நாம் கேட்டதுண்டா? இந்த வாரமே கேட்போம். அவன் விளையாடும் இடத்தில் சற்று நேரம் உடனிருப்போம். புனித தொன் போஸ்கோ நமக்காகவும் நம் பிள்ளைகளுக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக!