நோயை மட்டும் தாக்கும் மருந்து: பால் எர்லிக் கண்ட கனவு என்ன ஆச்சு?

கீமோ எடுத்தால் முடி ஏன் கொட்டுது? கேன்சர் செல் எது, நல்ல செல் எதுன்னு மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இந்தச் சிக்கலுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே வழி தேடியவர் பால் எர்லிக்.

1854-ல் பிறந்த ஜெர்மன் மருத்துவர். சில சாயங்கள் சில செல்களில் மட்டும் ஒட்டுவதை இளம் வயதிலேயே கவனித்தார். அப்படின்னா, மருந்தும் நோயை மட்டும் தேடிப் போகலாமே? அந்தக் கனவுக்கு அவர் வைத்த பெயர் மேஜிக் புல்லட்.

1908-ல் நோபல் பரிசு. 1910-ல் சிபிலிஸ் நோய்க்கு அவரது சால்வர்சான் மருந்து விற்பனைக்கு வந்தது. கேன்சரையும் ஆராய்ந்தார், மருந்து சிக்கவில்லை. 1915-ல் இறந்தார்.

80 வருஷம் கழித்து, 1995-ல், டாக்சில் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை, சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அடைத்திருப்பார்கள். கட்டியின் ரத்தக்குழாய்களில் இடைவெளி அதிகம். அதன் வழியே குமிழி உள்ளே கசியும். வெளியேறும் மருந்து, கேன்சர் செல்லின் டிஎன்ஏவைத் தாக்கி, அது பெருகாமல் தடுக்கும். இதயத்துக்கான ஆபத்தும் இதில் குறைவு.

ஆனாலும் குமிழிகளில் ஒரு பங்கு கல்லீரல், மண்ணீரலுக்குப் போயிடுது. உள்ளங்கை, பாதத் தோலும் பாதிக்கப்படுது. எர்லிக்கின் தோட்டா குறியை நெருங்கியிருக்கு. இன்னும் அதை மட்டுமே தாக்கக் கத்துக்கல.