கப்பல் நின்றால் எங்கே இறங்குவது? ஏ.கே.செட்டியார் வாழ்க்கையில் இருக்கிறது பதில்!

தீபாவளி முடிந்த கையோடு சிவகாசி கொஞ்ச நாள் மூச்சு விடும். பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கிற வரைக்கும் குற்றாலம், திருச்செந்தூர், கேரளா என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். வசதியுள்ளவர்களுக்கு சிங்கப்பூர், துபாய். எனக்குத் தெரிந்த அச்சக அண்ணாச்சி ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், தென் அமெரிக்காவைச் சுற்றும் சொகுசுக் கப்பலுக்குப் பணம் கட்டிவிட்டார். கட்டின பிறகுதான் சிக்கலே ஆரம்பம்.

கப்பல் ஒவ்வொரு துறைமுகத்திலும் காலையில் நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கிற எட்டு, பத்து மணி நேரத்தில் என்ன பார்ப்பது என்பதற்கு 'ஷோர் எக்ஸ்கர்ஷன்' என்று நீளமாக ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். ரியோவில் மலை உச்சியா, கடற்கரையா? பியூனஸ் அயர்ஸில் டாங்கோ நடனமா, பண்ணை வீட்டுச் சாப்பாடா? தெற்கே போனால் பென்குயினா? ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. கப்பல் கம்பெனியின் டூரில் போய்த் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகச் சுற்றப் போனால் நமக்காக நிற்காது. எதை டிக் அடிப்பது என்று அண்ணாச்சி பட்டியலை என்னிடம் நீட்டினார். கப்பலை சினிமாவில் மட்டுமே பார்த்திருக்கிற ஆளிடம்!

எனக்கு ஞாபகம் வந்தது ஏ.கே.செட்டியார். தமிழில் பயணக்கட்டுரை என்றாலே முதலில் வருகிற பெயர். 1940-ல் வந்த அவரது 'உலகம் சுற்றும் தமிழன்' புத்தகத்தின் தலைப்புதான் அவருக்குப் பட்டப்பெயராகவும் ஒட்டிக்கொண்டது.

காரைக்குடி பக்கத்தில் கோட்டையூர். 1911 நவம்பர் 4-ல் பிறந்தவர். கருப்பன் செட்டியார் என்பது பெயர். செட்டிநாட்டுப் பையன்கள் கப்பல் ஏறுவது அன்றைக்கு அதிசயம் இல்லை. பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போவார்கள். இவரும் பர்மா போனார், ஆனால் ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக உட்கார்ந்தார். அதன்பிறகு ஜப்பானுக்குக் கப்பல் ஏறி டோக்கியோவில் புகைப்படக்கலை படித்தார். அது போதாது என்று நியூயார்க் போய் மேற்கொண்டு படித்தார். லேவாதேவிக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் ஒரு பையன் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகும் 'சமாரியா' கப்பலில் இருக்கிறார். அன்று காந்தியின் பிறந்தநாள். கையில் சினிமாத் தொழில் இருக்கிறது, மனதில் காந்தி இருக்கிறார். காந்தியின் வாழ்க்கையை முழுநீளச் செய்திப்படமாக எடுத்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. அப்போது அவருக்கு 26 வயதுகூட முடியவில்லை.

அதன்பிறகு அவர் எந்தத் துறைமுகத்தில் இறங்குவது என்பதை முடிவு செய்தது அந்தப் படம்தான். எந்த ஊரில் காந்தியைப் படம்பிடித்த பிலிம் சுருள் இருக்கிறது, காந்தியோடு பழகியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. லண்டனில் எல்லாரும் அரண்மனை வாசலில் நின்றால், இவர் செய்திப்படக் கம்பெனிகளின் கிட்டங்கிகளில் பழைய சுருள்களைத் தேடினார். தென்னாப்பிரிக்காவில், காந்தி 1904-ல் டர்பன் அருகே தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தேடிப் போனார். இந்தியர்கள் உள்ளே வருவதற்கே ஆயிரம் கெடுபிடி இருந்த நாடு அது.

இப்படிச் சுமார் 1 லட்சம் கிலோமீட்டர் அலைந்தார். பல நாட்டு கேமராக்காரர்கள் முப்பது ஆண்டுகளில் எடுத்துவைத்த 50,000 அடி பிலிமைச் சேர்த்து, அதிலிருந்து 12,000 அடியில் படத்தை முடித்தார். 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழில் வெளியானது. உலகப்போர் நடக்கிறது, ஆள்வது வெள்ளைக்காரன், படமோ காந்தியைப் பற்றி! இன்றைக்கு நினைத்தாலும் பக்கென்று இருக்கிறது.

வருத்தமான விஷயம், அந்தத் தமிழ்ப்படம் தொலைந்துபோய்விட்டது. 1953-ல் அமெரிக்காவில் சுருக்கித் தயாரிக்கப்பட்ட ஆங்கில வடிவத்தை, ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தார். உலகமெங்கும் இறங்கி ஏறி அடி அடியாகச் சேர்த்தவரின் படத்தை, கடைசியில் நாமும் கடல் தாண்டிப் போய்த்தான் தேட வேண்டியிருந்தது.

1943-ல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கி, 1983 செப்டம்பரில் இறக்கும்வரை நடத்தினார். படத்துக்காக அலைந்த கதையையும் அதில்தான் தொடராக எழுதினார். அது 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற புத்தகமாக வந்தது அவர் மறைந்து இருபது வருஷம் கழித்து. தன்னைப் பற்றி அதிகம் பேசாத மனிதர். செல்ஃபி காலத்தில் இருந்துகொண்டு அவரை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அண்ணாச்சிக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது அவருடைய இன்னொரு புத்தகத்தை: 'கரிபியன் கடலும் கயானாவும்'. ஆமாம், தென் அமெரிக்காதான்! கண்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது கயானா. 1838-லிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கிய கரை. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படிப் போனவர்களுக்கு அங்கே 'மதராசி' என்றே பெயர். பேச்சில் தமிழ் அழிந்துபோய்விட்டது. மாரியம்மனை விடவில்லை. வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடிய சுழற்பந்து வீச்சாளர் ஒருவரின் பெயர் என்ன தெரியுமா? வீராசாமி பெருமாள். கயானாக்காரர். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்!

சிவகாசிக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனது தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள. அவர்கள் திரும்பி வந்ததால்தான் இன்றைக்கு இந்த ஊருக்கு ஒரு தீபாவளி விடுமுறையே இருக்கிறது.

இவ்வளவையும் போனில் சொன்னேன். அண்ணாச்சியின் கப்பல் கயானா பக்கமே போகவில்லை, பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டோம். ரியோ மலைக்கு ஏற்கெனவே டிக் அடித்துவிட்டார், அதை விட மாட்டாராம். பியூனஸ் அயர்ஸில் மட்டும் டாங்கோவை அடித்துவிட்டார். அங்கே பழைய நாடகக் கொட்டகை ஒன்றைப் புத்தகக் கடையாக மாற்றியிருக்கிறார்கள், எல் அத்தெனியோ என்று பெயர். அந்த ஊர்ப் புத்தகங்களின் அச்சையும் பைண்டிங்கையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். கப்பல் விட்டுட்டுப் போயிருமே என்று அவர் வீட்டம்மாதான் இன்னும் பயந்துகொண்டிருக்கிறார்.